கசப்பா, துவர்ப்பா? மாமாவின் நாக்குக்கு எழுதப்பட்ட ஒரு பீர்க் குறிப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்குத் தனித்தனியே செய்முறைக் குறிப்பு எழுதித் தரும் ஒருவர் இருக்கிறார். மெல்பர்னில் பல ஆண்டுகள் வாழ்ந்தபோது அங்கே கற்றுக்கொண்ட கலை இது. அவர் பீர் விற்பதில்லை. பீருக்கு அடிப்படையான மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும்கூட விற்பதில்லை. குடிக்கப் போகிறவரை எதிரே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசி, அவருக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று கண்டறிந்து, பிறகு ஒரு குறிப்பை எழுதி அனுப்புவார். கட்டணம் 150 ரிங்கிட். ஒருவர் மட்டுமே நடத்தும் சிறு சேவை என்பதாலும், தெரிந்தவர் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பதாலும், பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதை மதித்து, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மலேசியாவில் மதுபானம் தயாரிக்க 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே இங்கே வீட்டு அடுப்பில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே ஒரு குடும்பம் சொந்தக் குடிப்புக்காக மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் தயாரித்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. என் தம்பி அங்கே உட்லண்ட்ஸில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறான். குறிப்பு பிரிக்ஃபீல்ட்ஸில் எழுதப்பட்டது. பீர் உருவானது அவனுடைய சமையலறையில். இந்தச் சேவையை நாடி வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலச் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ உறவினர் உள்ளவர்கள்தாம்.

குறிப்பு யாருக்காக என்றால், என் அக்காவின் கணவருக்காக. மாமா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பு பீரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அதுவும் வாரத்துக்கு ஒரு போத்தல், மட்டன் வறுவலோடு. அண்மைக் காலமாக அந்த ஒரு போத்தலையும் முடிக்காமல் வைத்துவிடுகிறார். கேட்டால், "கசக்குதுப்பா" என்பதோடு சரி. தம்பி அவருக்காகவே ஸ்டவுட் என்னும் அந்தக் கறுப்பு பீரை மூன்று முறை தயாரித்தான். முதலாவதில் ஹாப்ஸின் கசப்பு 40 ஐ.பி.யு. இருந்தது. மாமா கசக்கிறது என்றார். அடுத்ததில் 30 ஆக்கினான், மூன்றாவதில் 20 ஆக்கினான். ஐ.பி.யு. என்பது ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு. அதைப் பாதியாகக் குறைத்தும் மாமா அதே சொல்லையே சொன்னார். கூடவே, "இப்ப பாகு மாதிரி திகட்டவும் செய்யுது" என்றார். தம்பி மனம் நொந்துபோனான். அப்போதுதான் அலுவலக நண்பர் ஒருவர் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் மாமாவை அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் பீர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன எங்களுக்கு முன்னால் ஐந்து சிறு கண்ணாடிக் குவளைகளும் ஒரு தட்டும் மட்டும் இருந்தன. முதல் குவளையில் பாகற்காய் வேகவைத்த நீர். இரண்டாவதில் இருபது நிமிடம் தூள் ஊறிக் கிடந்த கறுப்புத் தேநீர். மூன்றாவதில் சர்க்கரை போடாத கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பி. நான்காவதில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர். ஐந்தாவதில் வெறும் சோடா. தட்டில் ஒரு துண்டு குலா மெலாக்கா வெல்லமும், இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட்டும் இருந்தன. "அங்கிள், நீங்க கசக்குதுன்னு சொல்றது இதுல எதுன்னு காட்டுங்க" என்றார் அவர்.

மாமா பாகற்காய் நீரை முகம் மாறாமல் குடித்தார். கோப்பி ஓவை ரசித்துக் குடித்தார். தேநீரை ஒரு வாய் வைத்ததும் உதட்டைச் சுளித்து, நாக்கை மேலண்ணத்தில் இரண்டு முறை தேய்த்து, குவளையைக் கீழே வைத்தார். "இதுதான் தம்பி. நாக்குல ஒட்டிக்குதுல்ல, இதுதான்."

அது கசப்பு அன்று, துவர்ப்பு. அறுசுவையில் கைப்பையும் துவர்ப்பையும் வேறு வேறாக எண்ணி வைத்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம். வாழைப்பூவையும் பாகற்காயையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றாலும் பிரித்துச் சொல்லிவிடுவோம். ஆனால் பீர் என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் கசப்பு என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறோம். தம்பி அந்தச் சொல்லை நம்பி ஹாப்ஸைக் குறைத்துக்கொண்டே போனான். ஹாப்ஸ் குறைந்ததும் மால்ட்டின் இனிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் திகட்டத் தொடங்கியது. துவர்ப்போ இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று முறை தயாரித்து அவனுக்கு விளங்காத ஒன்று, ஒரு குவளைத் தேநீரில் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. கொடுத்த 150 ரிங்கிட்டுக்கு இது ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டவுட்டுக்குக் கறுப்பு நிறத்தையும் சுட்ட மணத்தையும் தருவது கருகும் அளவுக்கு வறுத்த பார்லி. வறுத்த தானியத்தின் உமியிலிருந்து துவர்ப்புப் பொருள்கள் நீரில் இறங்குகின்றன. அந்தத் தானியம் சூட்டில் கிடக்கும் நேரம் நீள நீள அது கூடுகிறது. தேயிலை அதிக நேரம் ஊறினால் என்ன ஆகிறதோ அதேதான். தம்பி வறுத்த பார்லியை மற்றத் தானியங்களோடு சேர்த்து முழுதாக ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்திருந்தான்.

அடுத்தது கோப்பி. நம் கோப்பிக்கடைக் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அது கன்னங்கரேலென்று இருக்கிறது. சர்க்கரை போடாமல் கேட்டாலும் அடியில் ஒரு கருகிய பாகின் சுவை ஓடுகிறது. மாமா ஒரு நாளைக்கு மூன்று முறை விரும்பிக் குடிப்பது அதைத்தான். ஆக, கருகல் மணம் அவருக்கு வேண்டும். கருகிய சர்க்கரையின் கசப்பும் வேண்டும். வேண்டாதது உமியின் துவர்ப்பு மட்டுமே. பெயர் பெற்ற ஒரு ஸ்டவுட்டின் குறிப்பை எடுத்து அங்கொன்றும் இங்கொன்றும் மாற்றியிருந்தால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

மற்றக் கேள்விகளும் இதே போக்கில்தான் இருந்தன. பால் ஒத்துக்கொள்ளுமா? சர்க்கரை நோய் உண்டா? பீரோடு என்ன சாப்பிடுவார், அது எவ்வளவு காரம்? குடித்தபின் வயிறு உப்புகிறதா? சில்லென்று குடிப்பாரா, சற்றுச் சூடு ஏறிய பிறகா? தயாரிக்கும் வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் இடம் உண்டா, இல்லாவிட்டால் அறையின் வெப்பம் எவ்வளவு? மாமா தே தாரிக் என்னும் பால் தேநீரைத் தாராளமாகக் குடிப்பவர். சர்க்கரை நோய் இல்லை. சோடாவைக் குடித்ததுமே வயிற்றைத் தடவிக்கொண்டார், அதையும் அவர் குறித்துக்கொண்டார். இந்த நுணுக்கமான கவனிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எதிரில் இருப்பவர் வாயால் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்கிறவரல்லர் அவர்.

மாமா தட்டிலிருந்த குலா மெலாக்காவை முழுதும் தின்றுவிட்டு, "இத அதுலயே போட்டுடலாமே" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர் மறுத்த விதம் எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. பனைச் சர்க்கரையானாலும் தென்னைச் சர்க்கரையானாலும், அதில் இருப்பதில் பெரும்பகுதி ஈஸ்ட் தின்றுவிடக்கூடிய சர்க்கரையே. பீரில் போட்டால் அது சாராயமாக மாறிப் போகும், இனிப்பு எஞ்சாது, மாறாக, பீர் நீர்த்துப்போய் முன்னிலும் வறட்சியாகத் தோன்றும். எஞ்சுவது சிறிதளவு மணம். அந்த மணத்துக்காக மட்டும் 10 லிட்டருக்கு 150 கிராம் சேர்க்கலாம், அதையும் கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டும் என்றார். இனிப்பு நிற்க வேண்டுமானால் அதற்கு லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைதான் வழி. பீர் ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. பால் ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேட்டது இதற்காகத்தான். கடையில் கிடைக்கும் குலா மெலாக்கா பலவற்றில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கும் என்றும் எச்சரித்தார். மாமா சௌகிட் சந்தையில் தமக்குத் தெரிந்த கடையில் வாங்கித் தம்பிக்குக் கொடுத்தனுப்பினார்.

நான்கு நாள் கழித்துக் குறிப்பு வந்தது. ஒரே பக்கம், தமிழில்; ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது மாமாவின் எந்த விருப்பத்துக்காக என்று ஒரு வரி. 10 லிட்டருக்கு மாரிஸ் ஓட்டர் மால்ட் 1.6 கிலோ, ஓட்ஸ் அவல் 200 கிராம், கருகிய பாகுச் சுவைக்காக கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், உமி நீக்கி வறுத்த காராஃபா ஸ்பெஷல் என்னும் கறுப்பு மால்ட் 120 கிராம், சாக்லேட் மால்ட் 80 கிராம், லாக்டோஸ் 150 கிராம். வறுத்த பார்லி அறவே இல்லை. கறுப்புத் தானியங்கள் இரண்டையும் முதலில் போடாமல், ஊறலின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். ஊறல் 68 டிகிரி செல்சியஸில். அந்த வெப்பத்தில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை சற்றுக் கூடுதலாக உருவாகி, பீர் வாயில் கனமாக நிற்கும். காரமான மட்டன் வறுவலோடு குடிப்பவருக்கு இந்தக் கனமும் இனிப்பும் வேண்டும். வறட்சியான, கசப்பு மிகுந்த பீர் மிளகாயின் எரிச்சலை மேலும் தூண்டிவிடும்.

ஹாப்ஸ் விஷயத்தில் அவர் செய்ததைத் தம்பியால் முதலில் ஏற்கவே முடியவில்லை. அவன் 20-க்கு இறக்கியிருந்த கசப்பை அவர் 26 ஐ.பி.யு. ஆக உயர்த்தியிருந்தார்: கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 5 விழுக்காடு உள்ள, கிழக்கு (ஈஸ்ட்) கென்ட் கோல்டிங்ஸ் என்னும் ஹாப்ஸ் வகை 24 கிராம், ஒரு மணி நேரக் கொதி. கசப்பைத் தனியாக எண்ணிப் பார்ப்பதில் பொருளில்லை, மால்ட் சாற்றின் அடர்த்தியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், இந்தச் சாற்றின் அடர்த்தி 1.056. கசப்பு 26-ஐ அந்த 56-ஆல் வகுத்தால் 0.46 வருகிறது. இனிப்பு சற்று முன்னால் நிற்கும், ஆனால் திகட்டாது. நொதித்து முடிந்ததும் அடர்த்தி 1.018-இல் நிற்கும், ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி வரும் என்று எழுதியிருந்தார். தம்பி அளந்தபோது 1.019 இருந்தது.

ஈஸ்ட் தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டவுட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் ஈஸ்ட்கள் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தம்பியின் வீட்டிலோ பகலில் 31 டிகிரி. அந்தச் சூட்டில் அவை பீருக்குக் காட்டமான, தொண்டையைச் சுடும் ஒரு குணத்தைக் கொடுத்துவிடும். அவர் எழுதியது வோஸ் க்வெய்க். நார்வேயின் மேற்குப் பகுதியில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உலர்த்திப் பாதுகாத்துவந்த ஈஸ்ட் இனம் அது. குளிர் நாட்டில் பிறந்திருந்தாலும் 40 டிகிரி வரை கெடாமல் வேலை செய்யும். நம் வீட்டு மூலையில், எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு துணியைச் சுற்றி வைத்துவிடலாம். அதற்கு இயல்பாகவே ஓர் ஆரஞ்சு வாசம் உண்டு. அது சாக்லேட் சுவையோடு ஒத்துப்போகும், ஆனால் தூக்கலாகிவிடக் கூடாது, அதனால் ஈஸ்ட்டை அளந்து மிச்சம் பிடிக்காமல் தாராளமாகப் போடுங்கள் என்று அடிக்கோடிட்டிருந்தார்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஒன்று எங்களுக்கு முதல் தயாரிப்பு முழுவதையும் இழக்க வைத்தது.

தம்பி குறிப்பில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய்தான். மூன்றாம் வாரம் முதல் போத்தலைத் திறந்தபோது, காயத்துக்குப் போடும் மருந்தின் வாடை அடித்தது. மருத்துவமனை வராந்தாவில் வருமே, அந்த வாடை. 27 போத்தல்களையும் தொட்டியில் கொட்டினான். குறிப்பின் அடியில், தண்ணீரை ஒரு நாள் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. குளோரினைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்ப்பது குளோரமைன். அது திறந்து வைத்தாலும் எளிதில் போகாது, கொதிக்கவைத்தாலும் விரைவில் நீங்காது. அது தானியத்திலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறுகிறது. மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வீட்டு அறையின் வெப்பத்தைக் கேட்டவர், எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டிருக்க வேண்டும். இதை நான் அவரிடம் நேரடியாகவே சொன்னேன்.

பதில் வர பதினொரு நாள் ஆயிற்று. பொருளையும் உழைப்பையும் கொட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது நீண்ட காலம். ஆனால் வந்த பதில் நேர்மையாக இருந்தது. தவறு தம்முடையது என்று எழுதி, திருத்திய குறிப்பைக் கட்டணமின்றி அனுப்பியிருந்தார். பயன்படுத்தும் 15 லிட்டர் நீருக்கும் சேர்த்து பீர் தயாரிப்பவர்கள் நீரில் போடும் கேம்ப்டன் என்னும் சல்ஃபைட் மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்துப் போட்டால் போதும், சில நிமிடங்களில் குளோரமைன் அற்றுப்போகும் என்பதே திருத்தம். அதோடு, கறுப்புத் தானியம் ஊறலின் புளிப்பைக் கூட்டும் என்பதால், உப்புக் குறைந்த மென்னீரில் அமில அளவை (pH) தாளால் சோதித்து 5.2-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார். இவை முதல் தாளிலேயே இருந்திருக்க வேண்டியவை. இப்போது தம் கேள்விப் பட்டியலில் தண்ணீரையும் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறார். போகிறவர்கள் அதைத் தாங்களும் மறவாமல் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது தயாரிப்பு பள்ளி விடுமுறையில் பேருந்து பிடித்து நாங்கள் அனைவரும் உட்லண்ட்ஸ் போன சமயத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்திருந்தது. வாயுவை வேண்டுமென்றே குறைத்து எழுதியிருந்தார். 10 லிட்டருக்கு 52 கிராம் சர்க்கரைதான் போத்தலில் அடைக்கும்போது சேர்த்தது. ஊற்றியபோது நுரை பெருங்குமிழியாகப் பொங்காமல், மெல்லிய பழுப்பு நிறப் பாலாடை போலப் படிந்தது. முதலில் வந்தது கோப்பிக்கடை வாசல் மணம், பிறகு சாக்லேட், விழுங்கிய பின் குலா மெலாக்காவின் புகை மணம் ஒரு நொடி. ஆரஞ்சு வாசம் எனக்குத் தெரிந்தது, சற்றுக் கூடுதல் என்றே நினைத்தேன். மாமாவுக்கு அது தெரியவே இல்லை. என் நாக்குக்கு எழுதியிருந்தால் லாக்டோஸைப் பாதியாக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அது எனக்காக எழுதப்பட்டதன்று.

மாமா முதல் வாய் குடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அக்கா தட்டில் மட்டன் வறுவலை வைத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே போத்தலை முடித்துவிட்டு, "கோப்பி மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் கசந்தாலும் தேவல" என்று தம்பியிடம் சொன்னார். கசப்பு வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டது இதுதான் முதல் முறை. தம்பி அடுத்த முறைக்கு ஹாப்ஸை 28 கிராமாக எழுதிக்கொண்டான்.

இந்தச் சேவை எல்லாருக்கும் ஏற்றதன்று. இன்னது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கும், ஏற்கெனவே பல முறை தயாரித்துத் தம் நாக்கை அறிந்தவர்களுக்கும் 150 ரிங்கிட் வீண் செலவு. குறிப்பைக் கணக்கிடும் செயலிகள் அவர்களுக்குப் போதும். வேறொருவருக்காகத் தயாரிக்கிறவர்கள், அந்த ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் பொருள் பிடிபடாமல் தவிக்கிறவர்கள், தயங்காமல் போகலாம். ஒரே நிபந்தனை, குடிக்கப் போகிறவரை நேரில் அழைத்துச் செல்ல வேண்டும்; அவருக்குப் பதிலாக நீங்கள் விவரம் சொன்னால் குறிப்பெழுதுபவர் எழுதித் தர மாட்டார். சனிக்கிழமை பிற்பகல் மட்டுமே நேரம் தருகிறார், இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். போகும் நாளில் காலையிலிருந்து காரமாக எதுவும் சாப்பிடாமலும், பெரியவர்களாக இருந்தால் வெற்றிலை பாக்குப் போடாமலும் இருக்கச் சொல்லுங்கள். பாக்கின் துவர்ப்பு நாக்கில் இருந்தால் அந்தத் தேநீர்க் குவளை எதையும் காட்டிக்கொடுக்காது.